பெர்ஃப்யூம் எப்படி இருபத்தைந்து ஆண்டு நிலைத்தது

2006 ஆகஸ்டில் பெர்ஃப்யூம் என்ற ஜப்பானியப் பெண்கள் குழுவின் முதல் ஆல்பம் வெளியானது. முதல் ஆல்பத்துக்கே ‘கம்ப்ளீட் பெஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நெடுங்காலம் பாடிய கலைஞர்களின் தேர்ந்த பாடல்களைத் திரட்டும்போதுதான் இப்படிப் பெயர் வைப்பது வழக்கம். இந்த மூவருக்கும் அப்போது வயது பதினேழு. பெரிய இசை நிறுவனத்தின் வழியாக அதுவரை மூன்று சிங்கிள்கள்தான் வந்திருந்தன. மூன்றுமே பட்டியலின் மேல்வரிசையை எட்டவில்லை. அதுவரை பதிவானதையெல்லாம் ஒரே தட்டில் போட்டுக் கணக்கை நேர் செய்வது போன்ற வெளியீடு அது. அடுத்த ஆண்டும் குழு இருக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

அதே குழு, அதே மூவர், 2025 செப்டம்பர் 22, 23 தேதிகளில் டோக்கியோ டோம் என்ற பேரரங்கில் பாடி ஆடினார்கள். ஆ-சான், காஷியூகா, நொச்சி என்ற அந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட இடையில் மாறவில்லை. பாடல்களுக்கு இசையமைப்பவர் 2003 முதல் ஒரே ஆள். நடனம் அமைப்பவர் அதற்கும் முன்பிருந்தே ஒரே ஆள். ஜப்பானின் பெண் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கே இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். எழுபதுகளின் பெரும் புகழ்பெற்ற கேண்டீஸ் ஐந்து ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. பிங்க் லேடி 1976-இல் அறிமுகமாகி 1981-இல் கலைந்தது. தொண்ணூறுகளைக் கலக்கிய ஸ்பீட், 1996-இல் அறிமுகமாகி 2000-இல் கலைந்தது. மோர்னிங் முசுமே 1997 முதல் இன்றுவரை ஓடுகிறது என்றால், மூத்தவர்கள் விடைபெற, புதியவர்கள் நுழைய, பெயர் மட்டும் தொடரும் ஏற்பாட்டினால்தான். இளம்பெண்களின் வயதை முதலாகப் போட்டு நடக்கும் தொழில் அது. வயது ஏறினால் ஆளை மாற்று என்பதே அதன் எழுதாத விதி.

பெர்ஃப்யூம் என்றதும் பலரும் லேசரையும் ட்ரோனையும் கணினிக் குரலையும்தான் சொல்வார்கள். அவையெல்லாம் உண்டு. ஆனால் அந்தக் குழுவை இருபத்தைந்து ஆண்டு தாங்கிப் பிடித்தது, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத ஒரு சிறு கூட்டம். மேடையில் இருந்த மூவரும், மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு மூன்று பேரும். தொழில்நுட்பம் அந்த உறவின் மேல் வந்து உட்கார்ந்தது. இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் பயணத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூவரும் ஹிரோஷிமா மாநிலத்துப் பிள்ளைகள். மூவரும் 1988 செப்டம்பருக்கும் 1989 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட ஆறு மாதத்துக்குள் பிறந்தவர்கள். அவர்கள் பள்ளிச் சிறுமிகளாக இருந்தபோது, ஒகினாவா ஆக்டர்ஸ் ஸ்கூலில் பயின்ற பாடகி அமுரோ நமியேயும் ஸ்பீட் குழுவும் நாடு முழுக்கக் கொடிகட்டிப் பறந்தார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு பள்ளி வராதா என்று ஏங்கிய சிறுமிகளுக்காகவே திறந்ததுபோல், 1999-இல் ஆக்டர்ஸ் ஸ்கூல் ஹிரோஷிமா தொடங்கியது. பாட்டும் நடனமும் கற்றுத்தரும் அந்தப் பள்ளியின் முதல் அணி மாணவிகள் இவர்கள். ஸ்பீட் கலைந்த அதே 2000-ஆம் ஆண்டில், ஆ-சானும் காஷியூகாவும் இன்னொரு தோழியும் சேர்ந்து குழு அமைத்தார்கள். மூவர் பெயரிலும் ‘நறுமணம்’ என்று பொருள்படும் எழுத்து இருந்ததால் வந்ததுதான் குழுவின் பெயர். அந்தத் தோழி சீக்கிரமே விலகிக்கொள்ள, பள்ளியில் நன்றாக ஆடுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்த நொச்சியை ஆ-சான் அழைத்து வந்தார். அதோடு ஆள் மாற்றம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவர்கூட மாறவில்லை.

அந்தப் பள்ளியில் அவர்களுக்கு நடனம் கற்பித்தவர் மிகிக்கோ. தாய்க்கோழி போல் அவர்களைக் கூடவே வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய எல்லாப் பாட்டுக்கும் ஆட்டம் அமைத்தவர் அவர். பின்னாளில் இசை நிகழ்ச்சிகள் முழுவதையும் இயக்கியவரும் அவர்தான். 2016-இல் ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், அடுத்த ஒலிம்பிக் நகரமான டோக்கியோவின் பங்காக நடந்த அந்த எட்டு நிமிடக் காட்சியை உலகமே பார்த்தது. அதை வடிவமைத்த அணியில் மிகிக்கோவும் இருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுத்தந்த ஓர் ஆசிரியை அந்த இடத்துக்கு வந்ததையும் பெர்ஃப்யூமின் வரலாற்றிலேயே சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர் ஏறிய கதை இது.

2002-இல் ஹிரோஷிமாவுக்குள் மட்டும் விற்ற இரண்டு சிங்கிள்கள் வந்தன. துள்ளலான, சிறுபிள்ளைத்தனமான பாட்டுகள். பின்னால் வரப்போகும் ஒலிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 2003-இல் கலைஞர்களை நிர்வகிக்கும் அம்யூஸ் நிறுவனம் அவர்களை டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டது. பீ-ஹைவ் என்ற திட்டத்தின் கீழ், பல பெண் குழுக்களை ஒரே விடுதியில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பதினான்கு வயதில் பெற்றோரை விட்டு வந்து, பள்ளிக்கும் போய், மாலையில் பயிற்சி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அகிஹபாரா வீதிக்குப் போவார்கள். மின்னணுக் கடைகளுக்குப் பேர்போன அந்தப் பகுதியில் ஞாயிறுதோறும் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கென்று சாலையைத் திறந்துவிடுவார்கள். அங்கே நின்று நோட்டீஸ் கொடுத்து, கையிருப்பில் இருந்த ஒலிபெருக்கியை வைத்து ஆடுவார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். 2005 டிசம்பரில் ஏகேபி48 தன் நாடக அரங்கைத் திறந்ததும் இதே அகிஹபாராவில்தான். பல பத்துப் பெண்களைச் சேர்த்து, ரசிகர்கள் வாக்களிக்கும் தேர்தல் வைத்து, அவர்களோடு கைகுலுக்கும் சீட்டைச் சேர்த்து இசைத்தட்டு விற்று, ‘ஐடல்’ எனப்படும் இளம் பாட்டு-ஆட்ட நட்சத்திரங்களை உருவாக்கும் ஜப்பானியத் தொழிலையே புரட்டிப்போட்ட அந்த மாதிரியும், மூன்றே பேரை விடாமல் வைத்துக்கொண்ட இந்த மாதிரியும் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைத்தவை.

நகாத்தா யசுத்தாகாவிடம் அவர்களை ஒப்படைத்தது அம்யூஸ் எடுத்த முடிவுகளிலேயே பெரியது. காப்ஸ்யூல் என்ற இருவர் குழுவை நடத்திக்கொண்டிருந்த நகாத்தாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. 2003 ஆகஸ்டில் வெளியான ‘ஸ்வீட் டோனட்ஸ்’ அவர் அவர்களுக்குச் செய்த முதல் பாட்டு. பிள்ளைகளுக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. ஸ்பீட் பாடுவதுபோல் தொண்டை திறந்து, உணர்ச்சி பொங்கப் பாடத்தான் அவர்கள் கற்றிருந்தார்கள். நகாத்தா கேட்டது அதற்கு நேர் எதிரானது. நாற்காலியில் உட்கார்ந்து பாடுங்கள், உணர்ச்சியைக் கொட்டாதீர்கள், சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். பதிவுக்கு முன்னால் பாட்டு கைக்கு வராது. மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவருடைய ஸ்டூடியோவுக்குப் போய், அங்கேயே முதன்முறையாகக் கேட்டு, அங்கேயே கற்று, துண்டு துண்டாகப் பாடிக் கொடுத்துவிட்டு வருவார்கள். பாட்டின் முழு உருவம் என்ன என்பதை முடிந்த பிறகு கேட்டால்தான் அவர்களுக்கே தெரியும். இந்த முறை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதன் பலனைக் காதால் கேட்டுப் பாருங்கள். மூன்று குரலும் தனித்தனியாக யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாமல், ஒரே குரலாகப் பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலை நகாத்தா மென்பொருளில் போட்டு மேலும் இழைக்கிறார். சுருதி பிசகுவதை மறைக்க ஆட்டோ டியூனைப் போடுவது நமக்குப் பழகிப்போனது. இவர் அதை மறைக்கப் பயன்படுத்தவில்லை; குரலையே ஒரு சின்தசைசராக மாற்றுவதற்காக வெளிப்படையாகப் பயன்படுத்தினார். உணர்ச்சி பொங்கப் பாடிய குரலை அப்படி இழைத்தால் கரடுமுரடாகத்தான் நிற்கும். வெறுமனே சொல்லப்பட்ட குரல் மட்டுமே அவ்வளவு வழவழப்பாக இழைந்து வரும்.

2005 செப்டம்பர் 21 அன்று டோகுமா ஜப்பான் நிறுவனம் வழியாக ‘லீனியர் மோட்டார் கேர்ள்’ வந்தது. ‘கம்ப்யூட்டர் சிட்டி’, ‘எலெக்ட்ரோ வேர்ல்ட்’ இரண்டும் 2006-இல் தொடர்ந்தன. இந்த மூன்றையும் இன்று கேட்கிறவர்கள், இவை எப்படி விற்காமல் போயின என்று வியப்பார்கள். எதிர்கால நகரம், இயந்திர உலகம், அதற்குள் சிக்கிய ஒரு பெண் என்று மூன்றும் சேர்ந்து ஒரு முழுக் கதையாகவே நிற்கின்றன. ஐடல் ரசிகர்களுக்கு இசை அந்நியமாக இருந்தது. நடனக்கூட இசைப் பிரியர்களுக்கோ, இது ஐடல் சமாச்சாரம் என்று அலட்சியம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டாத பிள்ளையாக நின்றார்கள். பீ-ஹைவ் திட்டத்தில் இருந்த மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்த காலம் அது. ‘கம்ப்ளீட் பெஸ்ட்’ வந்தது இந்தப் பின்னணியில்தான்.

அந்த ஆல்பம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பரவியது. இசை தெரிந்தவர்கள் சிலர் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த நிக்கோ நிக்கோ காணொளித் தளத்தில், வீடியோ கேம் பாத்திரங்கள் பெர்ஃப்யூம் பாட்டுக்கு ஆடுவதாக ரசிகர்கள் வெட்டி ஒட்டிய காணொளிகள் கைமாறின. 2007 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், ‘சாக்லேட் டிஸ்கோ’ வந்தது. பாடகி கிமுரா கயேலாவுக்கு அது மிகவும் பிடித்துப்போய், தன் வானொலி நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அது விளம்பரத் துறையில் இருந்த ஒருவர் காதில் விழுந்தது. பொதுநல விளம்பரங்களுக்கான அமைப்பும் என்.எச்.கே. தொலைக்காட்சியும் சேர்ந்து அந்த ஆண்டு மறுசுழற்சியை வலியுறுத்தி ஒரு பிரசாரம் நடத்தின. அதற்கு இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் நாள்தோறும் ஓடும் விளம்பரம். பாட்டின் பெயர் ‘பாலிரிதம்’.

இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வருவது என்பதே அதன் கரு. மறுசுழற்சிக்கும் பொருந்தும், விட்டுப்போகாத காதலுக்கும் பொருந்தும். நடுவில் ஓர் இடம் வரும். அடித்தாளம் நான்கு நான்காக ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் குரல்கள் ஐந்து ஐந்தாக அடுக்கிக்கொண்டு போகும். தாளம் அறிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால் போதும்: சதுஸ்ரத்தின் மேல் கண்டம். இரண்டும் எங்கேயோ பிரிந்து, வட்டமடித்து, சமத்தில் வந்து சேரும்போது பல்லவி வெடித்துக் கிளம்பும். வெகுசன வானொலிக்கான ஒரு பாட்டின் நட்டநடுவில், கேட்கிறவர் கால் தட்டுவதைத் தவறவைக்கும் இப்படி ஒரு பகுதியை வைக்கத் துணிச்சல் வேண்டும். 2007 செப்டம்பர் 12 அன்று சிங்கிளாக வெளியானபோது ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகானில் ஏழாம் இடம். நோட்டீஸ் கொடுத்த காலத்தில் நினைத்துக்கூடப் பார்த்திராத இடம்.

பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. 2008 ஏப்ரலில் ‘கேம்’ ஆல்பம் முதலிடம் பிடித்தது. எழுபதுகளின் கடைசியில் உலகுக்கே மின்னணு இசையைக் காட்டிய யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா 1983-இல் முதலிடத்தில் இருந்தபிறகு, டெக்னோபாப் ஆல்பம் ஒன்று அங்கே ஏறியது அப்போதுதான். ஜூலையில் ‘லவ் தி வேர்ல்ட்’ சிங்கிளும் முதலிடம். நவம்பரில் நிப்பான் புடோகான் அரங்கில் இரண்டு நாள் நிகழ்ச்சி. டிசம்பர் 31 அன்று, ஜப்பானியக் குடும்பங்கள் ஆண்டு பிறக்கக் காத்திருந்து பார்க்கும் என்.எச்.கே.யின் கோஹாகு பாட்டு நிகழ்ச்சியில் ‘பாலிரிதம்’. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்த மேடையில் அவர்களுக்கு இடம் இருந்தது.

பாடுவதே இல்லை, வாயசைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த நேரத்தில்தான் உரத்தது. அதில் உண்மை உண்டு. நகாத்தா இழைத்த குரல்தான் மேடையிலும் பெரும்பாலும் ஒலிக்கிறது. குரல் திறமைதான் குழுவின் அளவுகோல் என்றால் இங்கே அவர்களுக்கு மதிப்பெண் குறையும். ஆனால் அவர்கள் மேடையில் காட்டுவது எதை என்று பார்த்தால் இந்த வாதம் வலுவிழந்துவிடும் என்பது என் கருத்து. குரல் ஸ்டூடியோவிலேயே செய்து முடிக்கப்பட்ட பொருள். மேடைக்கு வருவது உடம்பு. இரண்டு மணிநேரத்துக்கு மேல், உயர்ந்த குதிகால் செருப்போடு, மூவரும் பாட்டின் ஒவ்வொரு அசைக்கும் தனித்தனிச் சைகை வைத்திருக்கும் ஆட்டத்தைப் பிசகாமல் ஆடுகிறார்கள். அந்தக் குதிகாலை அவர்கள் விட்டதே இல்லை.

மிகிக்கோவின் நடனத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். மூவரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்யும் இடங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒருவர் தொடங்கிய அசைவை அடுத்தவர் அரைத்தட்டு தள்ளி எடுப்பார், மூன்றாமவர் அதை முடிப்பார். முக்கோணம் சுழன்றுகொண்டே இருக்கும். நடுவில் நிற்பவர் என்று நிரந்தரமாக யாரும் கிடையாது. முட்டியிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் பிறக்கும் சின்னச் சின்ன அசைவுகள். வலிமையைக் காட்டிக் குதிக்கும் ஆட்டம் கிடையாது. பொம்மலாட்டப் பொம்மை போன்ற கச்சிதம், ஆனால் அந்தக் கச்சிதத்துக்குள் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆ-சானின் அசைவு பெரிதாக, சிரிப்போடு வரும். காஷியூகாவுடையது மெலிந்து வளையும். நொச்சி வெட்டி நிறுத்துவார். உடையிலும் இதே ஏற்பாடு: ஒரே துணியில், ஒரே நிறத்தில், ஆ-சானுக்கு விரிந்த பாவாடை, காஷியூகாவுக்குக் குட்டைப் பாவாடை, நொச்சிக்கு அரைக்கால் சட்டை. கூந்தலும் அப்படியே, நெற்றியில் நேராக வெட்டிய முடியும் நீண்ட கூந்தலும் காஷியூகா, கழுத்தளவு வெட்டியது நொச்சி. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து வெறும் நிழலுருவத்தைப் பார்த்தாலே யார் எவர் என்று சொல்லிவிடலாம். 2023-இல் ஹியோகோ மாநில அருங்காட்சியகத்தில் இந்த உடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது.

2010 நவம்பர் 3 அன்று டோக்கியோ டோமில் முதன்முறையாக, ஐம்பதாயிரம் பேர் முன்னால் ஆடினார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் மூன்று பேர் எறும்பு போலத்தான் தெரிவார்கள். அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கலையையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும் ரைசோமேட்டிக்ஸ் அமைப்பின் தைத்தோ மனாபே உள்ளே வந்தார். முகத்தில் மின்முனைகளை ஒட்டி, இசைக்கு ஏற்பத் தசைகளைத் துடிக்கவைத்த ஒரு காணொளியால் 2008-இல் உலகெங்கும் பேசப்பட்டவர் அவர். அந்த இரவில் மூவரும் கையை நீட்டிச் சுடுவதுபோல் காட்ட, லேசர் ஒளி பட்டுப் பெரிய பலூன்கள் பட்டென்று வெடித்தன. கூட்டம் அலறியது. கருவி மட்டும் இருந்து பயனில்லை. கை நீளும் நொடியும் ஒளி பாயும் நொடியும் இம்மியும் பிசகக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே நொடியில் நிற்கப் பழகிய உடம்புகள் அங்கே பத்தாண்டாகத் தயாராக இருந்தன. வேறு எந்தக் குழுவையும் வைத்து மனாபே அதைச் செய்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இந்தக் கூட்டணி அதன்பிறகு செய்ததையெல்லாம் அடுக்கினால் பட்டியல் நீளும். எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் செய்தது. மூவரும் ஆடியதை, உடலசைவைக் கணினித் தரவாக்கும் மோஷன் கேப்சர் முறையில் பதிவுசெய்து, அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். ரசிகர்களும் மாணவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் அதை எடுத்து, கம்பியுருவங்களையும் பெட்டிகளையும் புள்ளிக்கூட்டங்களையும் ஆடவைத்தார்கள். முகமும் இல்லை, உடையும் இல்லை, வெறும் புள்ளிகள். அப்போதும் எது நொச்சி, எது ஆ-சான் என்று ரசிகர்களால் சொல்ல முடிந்தது. தங்கள் நட்சத்திரங்களின் படம் ஒன்றைக்கூட வெளியே விடத் தயங்கும் துறையில், நடனத்தையே பொதுச்சொத்தாக்கியது சாதாரணத் துணிச்சல் இல்லை. 2013-இல் கான் நகரில் நடந்த விளம்பரப் படைப்பாளர் விழாவில் இந்த முயற்சிக்கு வெள்ளி விருது கிடைத்தது. அதே விழா மேடையில், ஆடும் உடைகளின் மீதே படங்களைப் பாய்ச்சி ஒரு நிகழ்ச்சியும் செய்தார்கள்.

2014 கோஹாகுவில் விளக்குகளைச் சுமந்த ட்ரோன்கள் அவர்களைச் சுற்றிப் பறந்தன. 2015 மார்ச்சில் ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ‘ஸ்டோரி’யைச் செய்தார்கள். எது நேரடிக் காட்சி, எது கணினி வரைந்தது என்று கோடு போட முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் நிகழ்ச்சி அது. 2017 நவம்பரில் மூவரும் டோக்கியோ, நியூயார்க், லண்டன் என்று ஆளுக்கொரு நகரத்தில் நின்று ஒரே நேரத்தில் ஒரே பாட்டுக்கு ஆடினார்கள். மூவரையும் ஒரே மேடையில் நிற்பதுபோல் இணைத்துக் காட்டினார்கள். பல வருடம் ஒன்றாகவே நின்றவர்களைப் பிரித்து வைத்தாலும் அந்த முக்கோணம் நிற்கிறதா என்று பார்த்த சோதனை அது. நின்றது.

வெளிநாட்டுப் பயணங்கள் 2012-இல் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு பிக்சாரின் ‘கார்ஸ் 2’ படத்தில், டோக்கியோ காட்சியில் ‘பாலிரிதம்’ ஒலித்திருந்தது. யுனிவர்சல் மியூசிக்குக்கு மாறிய கையோடு தைவான், ஹாங்காங், தென்கொரியா, சிங்கப்பூர் போனார்கள். அடுத்து ஐரோப்பா, பிறகு அமெரிக்கா. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா. கொரியக் குழுக்கள் உலகைப் பிடித்த அளவுக்கு இவர்கள் பிடிக்கவில்லை என்பது உண்மை. பெரிய அரங்குகளை நிரப்பும் வெறி அவர்களிடம் இருந்ததாகவும் தெரியவில்லை. அவர்களுக்கு வெளிநாட்டில் கிடைத்தது அளவில் சிறிய, ஆனால் அசையாத ரசிகர் கூட்டம்.

அந்த ரசிகர்களைப் பிடித்துவைத்ததில் பாட்டு, ஆட்டம் தவிர இன்னொன்றும் உண்டு. பதிவில் மட்டும் கேட்டவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பாட்டுக்கு இடையே மூவரும் பேசுவார்கள். பேச்சு நீளும். ஆ-சான் வாயைத் திறந்தால் ஹிரோஷிமா வட்டார வழக்குதான்; டோக்கியோவில் அத்தனை ஆண்டு வாழ்ந்தும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. சற்றுமுன் இயந்திரப் பெண்களாக விறைத்து நின்ற மூவரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மாதிரி ஊர்க்கதை பேசுவார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆ-சான் அழுதும் விடுவார். பி.டி.ஏ. என்பது ரசிகர் மன்றத்தின் பெயர். அந்தப் பெயரிலேயே நிகழ்ச்சியில் ஒரு பகுதி வரும். அரங்கத்தைக் கூறு பிரித்து அணிகளாக்கி, பல் துலக்கும் சைகைப் பாட்டு வரைக்கும் எல்லாரையும் எழுந்து நின்று செய்யவைப்பார்கள். கோட்டும் டையுமாக அலுவலகத்திலிருந்து நேரே வந்தவர்களும் கூச்சமில்லாமல் பல் துலக்குவார்கள். குளிர்ந்த இசைக்கும் இந்த வெதுவெதுப்புக்கும் இடையே உள்ள தூரம்தான் பெர்ஃப்யூம் நிகழ்ச்சியின் உயிர். ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது.

2020 பிப்ரவரியில் டோக்கியோ டோமில் இரண்டு நாள் நிகழ்ச்சி. 25-ஆம் தேதி நடந்தது. 26-ஆம் தேதி, கொரோனாவை முன்னிட்டுப் பெரிய கூட்டங்களைத் தவிர்க்குமாறு அரசு கேட்டுக்கொள்ள, அன்றைய நிகழ்ச்சி அன்றே ரத்தானது. ரசிகர்கள் பலர் அதற்குள் ஊரிலிருந்து கிளம்பி வந்துவிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் நிகழ்ச்சிகள் திரும்பின. 2022-இல் ‘பிளாஸ்மா’, 2024-இல் ‘நெபுலா ரொமான்ஸ்’ முதல் பகுதி என்று ஆல்பங்களும் வந்தன. நெபுலா ரொமான்ஸ் எண்பதுகளின் ஒலியை எடுத்துக்கொண்டு செய்த ஒரு விண்வெளிக் கதை. மூவரும் பல ஆண்டு கழித்துப் புதிதாய்க் கற்றுக்கொண்ட ஒன்றைப் பாடுவது போன்ற உற்சாகம் அதில் கேட்கிறது. அவர்களுடைய பிற்காலப் பதிவுகளில் அதையே மேலானதாகச் சொல்வேன்.

2024 நவம்பர் 11 அன்று ஆ-சான் தன் திருமணத்தை அறிவித்தார். காதலிக்கவே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் மேடையில் மன்னிப்புக் கேட்கவைக்கும் பழக்கம் இருந்த துறை அது. இங்கே நடந்ததோ, நொச்சியும் காஷியூகாவும் மகிழ, ரசிகர்கள் வாழ்த்த, குழு அப்படியே தொடர்ந்ததுதான். பெண்ணின் வயதையும் தனிமையையும் விற்காமல் உழைப்பை விற்ற குழுவுக்கு அந்தச் சுதந்திரம் தானாகவே வந்து சேர்ந்தது.

2025 செப்டம்பர் 21, பெரிய நிறுவனம் வழியாக அறிமுகமாகி இருபது ஆண்டு நிறைந்த நாள். அன்று, அந்த ஆண்டு இறுதியோடு ‘கோல்ட் ஸ்லீப்’புக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். விண்வெளிக் கதைகளில் தொலைதூரப் பயணம் போகிறவர்களை உறையவைத்து, போய்ச் சேர்ந்ததும் எழுப்புவார்களே, அந்த உறக்கம். கலைப்பு என்று சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் டோக்கியோ டோமில் ஆடினார்கள்.

ஜப்பானிய ரசிகர்களில் மூத்தவர்களுக்கு இந்த இடத்தில் கேண்டீஸ் நினைவு வராமல் இருக்காது. 1977 ஜூலையில் ஹிபியா திறந்தவெளி அரங்கில், நிகழ்ச்சியின் நடுவில், சாதாரணப் பெண்களாகத் திரும்ப வேண்டும் என்று அந்த மூவர் அழுதுகொண்டே அறிவித்தார்கள். மறுஆண்டு ஏப்ரல் 4 அன்று கொராகுவென் மைதானத்தில் விடைபெற்றார்கள். 1981-இல் பிங்க் லேடி விடைபெற்றதும் அதே மைதானத்தில்தான். அதை ஒட்டிக் கட்டி, அதற்கு மாற்றாக வந்ததுதான் டோக்கியோ டோம். கேண்டீஸ் மூவருக்கும் அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. வாழ்க்கை வேண்டுமென்றால் குழுவை விட்டாக வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த கணக்கு. பெர்ஃப்யூம் மூவரும் முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில், ஒருவர் திருமணமாகி, தாங்களே தேதி குறித்து, திரும்பி வரும் வழியைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மேடையேறிய ஜப்பானியப் பெண்களின் நிலை எவ்வளவு மாறியது என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அந்த மாற்றத்தில் ஒரு பங்கு இவர்கள் மூவரும் உழைத்துச் சம்பாதித்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ‘கேம்’ ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம். ‘பாலிரிதம்’ அதிலேயே இருக்கிறது. ‘கம்ப்யூட்டர் சிட்டி’க்கும் ‘எலெக்ட்ரோ வேர்ல்ட்’டுக்கும் அதன்பிறகு பின்னோக்கிப் போனால், விற்காத காலத்திலேயே அந்த ஒலி எவ்வளவு முதிர்ந்திருந்தது என்று தெரியும். மேடைக்கு 2010 டோக்கியோ டோம் பதிவும் 2015 ‘ஸ்டோரி’யும் போதும். ‘ஸ்டோரி’யை இரண்டு தடவை பார்ப்பது நல்லது: முதல் தடவை கண் முழுக்க ஒளியின் பின்னாலேயே ஓடிவிடும், இரண்டாம் தடவைதான் அந்தக் குதிகால்களின் மேல் படியும்.